அகநம்பிக்கையும் அரசநெறியும்: கருக்கலைப்புக் கொள்கையில் இரட்டை அளவுகோல்

முன்னுரை

ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர் தாம் நம்பும் ஒன்றைச் சட்டமாக்க மறுக்கலாமா? தாம் நம்பாத ஒன்றைச் சட்டமாக்கலாமா? தமக்கு ஒரு நெறியும் பிறர்க்கு ஒரு நெறியும் வகுக்கலாமா? இம்மூன்றும் தனித்தனி வினாக்கள். ஆயினும் அன்றாட அரசியல் பேச்சில் இவை ஒன்றாகவே கலந்து விடுகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கருக்கலைப்புப் பற்றி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் விவாதம் இக்கலப்பிற்குத் தக்க சான்றாகும். அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1973 சனவரி 22 அன்று 'ரோ எதிர் வேட்' வழக்கில் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் கருக்கலைப்பை அரசமைப்புவழி உரிமையாக ஏற்றது. 2022 சூன் 24 அன்று 'டாப்ஸ்' வழக்கில் அதே நீதிமன்றம் அவ்வுரிமையை நீக்கி, முடிவெடுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இரு பெருங்கட்சிகளின் தலைவர்களும் தம் நம்பிக்கைக்கும் தம் கொள்கைக்கும் உள்ள உறவைப் பலமுறை விளக்க வேண்டியவர்களாயினர். அவ்விளக்கங்களுள் எவை அறவழி நிற்பன, எவை இரட்டை அளவுகோல் கொண்டன என்பதைப் பிரித்தறிய முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கருக்கலைப்புச் சரியா தவறா என்பது இங்கு ஆய்வுப்பொருள் அன்று. அதைப் பற்றி ஒருவர் கொண்ட நம்பிக்கை, அவர் ஏந்திய அதிகாரத்தோடு எவ்வாறு பொருந்த வேண்டும் என்பதே ஆய்வுப்பொருள்.

பிரிவினையின் தோற்றம்

நம்பிக்கையையும் பதவியையும் பிரித்துப் பேசும் மரபு கருக்கலைப்பு விவாதத்தில் தோன்றியதன்று. 1960 செப்டம்பர் 12 அன்று, குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட ஜான் எஃப். கென்னடி, ஹூஸ்டன் நகரில் சீர்திருத்தத் திருச்சபைப் போதகர்கள் முன் உரையாற்றினார். கத்தோலிக்கர் ஒருவர் ஆட்சிக்கு வந்தால் நாட்டைத் திருத்தந்தை ஆள்வார் என்ற ஐயம் அன்று பரவலாக இருந்தது. பொதுச் செய்திகளில் தம் திருச்சபைக்காகத் தாம் பேசுவதில்லை, திருச்சபையும் தமக்காகப் பேசுவதில்லை என்று கென்னடி விளக்கினார். அவ்வுரையில் அதிகம் நினைவு கூரப்படாத பகுதி ஒன்றுண்டு. தம் மனச்சான்றையோ நாட்டின் நலனையோ மீற வேண்டிய நிலையைப் பதவி தோற்றுவிக்குமாயின் பதவியைத் துறப்பேன் என்று அவர் அறிவித்தார். பிரிவினையோடு அதன் விலையும் சேர்த்துக் கூறப்பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

கருக்கலைப்பு உரிமையான பின்னர் இப்பிரிவினைக்கு முழுவடிவம் கொடுத்தவர் நியூயார்க் மாநில ஆளுநர் மேரியோ குவோமோ. 1984ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்களாட்சிக் கட்சியின் துணைத்தலைவர் வேட்பாளராக நின்ற ஜெரால்டின் ஃபெராரோ கத்தோலிக்கர். கருக்கலைப்பு உரிமையை அவர் ஆதரித்ததை நியூயார்க் பேராயர் ஜான் ஓ'கானர் வெளிப்படையாகக் கண்டித்தார். அச்சூழலில், 1984 செப்டம்பர் 13 அன்று நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் குவோமோ உரையாற்றினார். திருச்சபையின் போதனையைத் தம் வாழ்வில் தாம் ஏற்பதாகவும், ஆயினும் பல சமயத்தார் வாழும் நாட்டில் பொது இசைவு இல்லாத ஒன்றைச் சட்டத்தால் திணித்தல் தகாது எனவும் அவர் வாதிட்டார். 'தனிப்பட்ட முறையில் எதிர்க்கிறேன், ஆனால்' என்ற தொடர் அரசியல் வழக்காக நிலைபெற இவ்வுரை பெரிதும் காரணமாயிற்று. ஜான் கெரி 2004இலும், ஜோ பைடன் 2012ஆம் ஆண்டின் துணைத்தலைவர் வேட்பாளர் விவாதத்திலும், டிம் கெய்ன் 2016இலும் ஏறத்தாழ இதே நிலையை எடுத்துரைத்தனர்.

இந்நிலையைப் போலித்தனம் என ஒரே சொல்லில் ஒதுக்குவோர் உளர். அவ்வாறு ஒதுக்குதல் அவசர முடிவாகும். புலால் உண்ணாமையை அறமாகக் கொண்ட சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், நாட்டில் அனைவரும் புலால் உண்பதைத் தடைசெய்யும் சட்டத்திற்கு வாக்களிக்க மறுக்கலாம். அவருடைய கொள்கைப் பற்றை எவரும் ஐயுறுவதில்லை. நம்பிக்கை கொள்ளுதல் ஒன்று, அந்நம்பிக்கையைத் தண்டனையின் வலிமையால் பிறர்மீது சுமத்துதல் வேறொன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே பன்மைச் சமுதாயத்தை ஆளத் தக்கவர் எனலாம். ஆகவே பிரிவினையில் தன்னளவில் குற்றம் இல்லை. எந்த வகை நம்பிக்கையின்மீது அது செலுத்தப்படுகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நம்பிக்கையின் இரு வகை

அற நம்பிக்கைகள் இரு வகைப்படும். 'இது எனக்குத் தகாது' என்பது ஒரு வகை. நோன்பு, உணவுக் கட்டுப்பாடு, துறவு ஆகியன இதில் அடங்கும். 'இது மற்றோர் உயிர்க்கு இழைக்கப்படும் தீங்கு' என்பது மற்றொரு வகை. முதல் வகை நம்பிக்கை அதைக் கொண்டவரோடு முடிகிறது. இரண்டாம் வகை நம்பிக்கை தன் உட்பொருளாலேயே பிறரையும் தழுவுகிறது. அதை 'என்னுடைய சொந்த நம்பிக்கை' என்று மட்டும் கூறி நிறுத்துவது அதன் உட்பொருளைக் குறைத்துக் கூறுவதாகும்.

கெரி 2004இல் அளித்த நேர்காணல் ஒன்றில், உயிர் கருவுறும்போதே தொடங்குகிறது என்று தாம் நம்புவதாகக் கூறினார். இஃது இரண்டாம் வகையைச் சார்ந்த கூற்று. ஆயினும் தம் சமயக் கொள்கையை அதை ஏற்காத பிறர்க்குச் சட்டமாக்க இயலாது என்று அவர் தொடர்ந்தபோது, அதை முதல் வகைக்கு உரியதாக நடத்தினார். கருவை முழு மனித உயிராக ஒருவர் உண்மையில் கருதினால், அதன் அழிவைத் தம் நோன்பு மீறல் போல எண்ணுதல் எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை இல்லாமல் இல்லை. தடைச்சட்டம் கருக்கலைப்பை ஒழிப்பதில்லை, மறைவிடங்களுக்குத் தள்ளிப் பெண்களின் உயிருக்கு ஊறு செய்கிறது என்று ஒருவர் வாதிடலாம். கருவின் நிலை பற்றி நேர்மையான அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருக்கையில், தம் உறுதியைப் பிறர் உடலின்மீது நாட்டத் தமக்கு உரிமை இல்லை என்றும் வாதிடலாம். இவை மதிக்கத்தக்க காரணங்கள். ஆனால் இவற்றைக் கூறாமல், 'அது என் சொந்த நம்பிக்கை' என்பதோடு நிறுத்துபவர் காரணம் கூறியவராகார். விவாதத்திலிருந்து விலகியவரே ஆவார்.

குவோமோவின் உரைக்குப் பின்புலமாக அமைந்த கிறித்தவச் சட்ட மரபும் இங்கு நோக்கத்தக்கது. தாமசு அக்குவினாசு தம் இறையியல் தொகுப்பில், மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்க வேண்டியதில்லை என்று கூறினார். அதே இடத்தில், கொலை, களவு போன்று பிறரைத் துன்புறுத்திச் சமுதாயத்தையே நிலைகுலையச் செய்வனவற்றைச் சட்டம் தடுத்தே ஆக வேண்டும் என்றும் கூறினார். எனவே இம்மரபு இரு தரப்புக்கும் சான்றாகிறது. கருக்கலைப்பு எந்த வகைத் தீமை என்ற வினாவுக்கு விடை கூறிய பின்னரே அம்மரபைத் துணைக்கு அழைக்க இயலும்.

ஆதரவாளர் தரப்பின் சமனின்மை

பிரிவினையை ஒருவர் எல்லாப் பொருளிலும் ஒரே வகையாகக் கையாள்கிறாரா என்பது அடுத்த சோதனை. குவோமோ தம் பதவிக்காலத்தின் 12 ஆண்டுகளிலும் மரண தண்டனையை மீட்கும் சட்டமுன்வடிவுகளைத் தம் மறுப்பு அதிகாரத்தால் தடுத்தார். அக்காலத்தில் மக்களுள் பெரும்பான்மையினர் மரண தண்டனையை ஆதரித்தனர். பொது இசைவு இல்லாததால் கருக்கலைப்பைத் தடுக்க இயலாது என்றவர், பொது இசைவு எதிராக இருந்தபோதும் மரண தண்டனையைத் தடுத்தார் என்பதே அவர்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. மரண தண்டனையைச் சமய அடிப்படையில் அன்றிப் பொதுநலக் காரணங்களால் எதிர்ப்பதாக அவர் விடையிறுத்தார். இவ்விடை ஓரளவு பொருந்தும். ஆனால் இதனால் ஒன்று தெளிவாகிறது. 'இசைவு இல்லை' என்பது அவருடைய இறுதிக் காரணம் அன்று. தமக்கு உறுதியான பொதுக் காரணம் கிடைத்த இடத்தில் இசைவின்மை அவரைத் தடுக்கவில்லை. 1994 தேர்தலில் அவர் தோற்றதில் மரண தண்டனை பற்றிய நிலைப்பாட்டிற்கும் பங்குண்டு. மறு ஆண்டே புதிய ஆளுநர் ஜார்ஜ் படாக்கி அத்தண்டனையை மீட்டார். ஒரு பொருளில் குவோமோ தம் உறுதிக்கு விலை கொடுத்தார். மற்றொரு பொருளில் அவ்வுறுதியை அவர் சட்டத்தளவில் சோதிக்கவில்லை.

கெய்ன் இதற்கு மறுதலையாக நடந்தார். கருக்கலைப்பு, மரண தண்டனை ஆகிய இரண்டையும் தனிப்பட்ட முறையில் எதிர்த்த அவர், 2006 முதல் 2010 வரை வர்ஜீனியாவின் ஆளுநராக இருந்தபோது 11 மரண தண்டனைகள் நிறைவேற இசைந்தார். இரண்டிலும் சட்டத்தை முன்னிறுத்தித் தம் நம்பிக்கையைப் பின்னிறுத்தினார். அவரிடம் சமன்மை உண்டு. ஆயினும் அச்சமன்மையே வேறொரு வினாவை எழுப்புகிறது. எப்பொழுதும் பின்னிறுத்தப்படும் நம்பிக்கை ஆட்சியாளனிடம் என்ன பணி செய்கிறது? சமன்மை தேவையான பண்பு. அது மட்டுமே போதுமான பண்பு அன்று.

எதிர்ப்பாளர் தரப்பின் சமனின்மை

இரட்டை அளவுகோல் ஒரு தரப்பின் உடைமை என்று எண்ணுதல் தவறு. 2012 அக்டோபர் 11 அன்று பைடனோடு விவாதித்த பால் ரையனும் கத்தோலிக்கரே. ஒருவருடைய பொதுவாழ்வை அவருடைய தனிவாழ்விலிருந்து எவ்வாறு பிரிக்க இயலும் என்று தமக்கு விளங்கவில்லை என்னும் கருத்தை அவர் அவ்விவாதத்தில் முன்வைத்தார். ஆனால் அதே விவாதத்தில், வன்புணர்ச்சி, முறையற்ற உறவு, தாயின் உயிருக்கு ஊறு ஆகிய விதிவிலக்குகளோடு கூடிய கொள்கையையே தம் கூட்டணியின் கொள்கையாக அறிவித்தார். ரையனின் முந்தைய நிலைப்பாடு இவ்விதிவிலக்குகள் அனைத்தையும் ஏற்றதன்று. பிரிக்க இயலாது என்றவரும் பிரித்தே நின்றார். கரு முழு மனித உயிர் என்பது கொள்கையாயின், அது தோன்றிய விதம் அதன் மதிப்பைக் குறைப்பதில்லை. விதிவிலக்கை ஏற்பவர், பெண்ணின் துயருக்கும் கருவின் உரிமைக்கும் இடையே ஏதோ ஒரு தராசை ஏந்துகிறார். அத்தராசு இருப்பதை அவர் ஒப்புக்கொள்வதில்லை.

தண்டனை பற்றிய வினாவில் இம்முரண் மேலும் வெளிப்பட்டது. 1999இல் தொலைக்காட்சி நேர்காணலில் தம்மைப் பெண்ணின் தெரிவுரிமைக்கு ஆதரவாளர் என்று கூறிய டொனால்டு டிரம்ப், 2016இல் எதிர்ப்பாளராகத் தேர்தலில் நின்றார். அவ்வாண்டு மார்ச்சு 30 அன்று, கருக்கலைப்புத் தடைசெய்யப்பட்டால் பெண்ணுக்கு ஏதோ ஒரு வகைத் தண்டனை வேண்டும் என்றார். எதிர்ப்பு இயக்கத்தினரே அக்கூற்றைக் கண்டிக்க, அன்றே தம் நிலையை மாற்றி மருத்துவரே பொறுப்பாளி என்றார். 2024 ஏப்பிரலில் இச்செய்தியை மாநிலங்களிடமே விட்டுவிட வேண்டும் என்றார். கொலைக்கு ஒப்பானது என்று அறிவிக்கப்படும் செயலுக்கு, அதைச் செய்விப்பவரிடம் தண்டனை இல்லை என்பதும், அது மாநில எல்லைதோறும் மாறலாம் என்பதும், அறிவித்த நம்பிக்கையோடு பொருந்துவன அல்ல.

அலபாமா மாநிலம் மேலும் தெளிவான சான்று. 2019இல் அம்மாநிலம் வன்புணர்ச்சிக்கும் விலக்களிக்காத கடுமையான தடைச்சட்டத்தை இயற்றியது. ஆய்வகத்தில் உள்ள கருவுக்கு அச்சட்டம் பொருந்தாது, அது பெண்ணின் உடலில் இல்லை என்று மேலவையில் அதை முன்னெடுத்த உறுப்பினர் விளக்கினார். 2024 பிப்பிரவரியில் அம்மாநில உச்ச நீதிமன்றம், உறைநிலையில் பாதுகாக்கப்படும் கருக்களும் உயிரிழப்பு இழப்பீட்டுச் சட்டத்தின்படி குழந்தைகளே எனத் தீர்ப்பளித்தது. செயற்கைக் கருத்தரிப்பு மையங்கள் பணியை நிறுத்தின. மூன்று வாரங்களுக்குள், மார்ச்சு 6 அன்று, அம்மையங்களுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குழந்தை வேண்டுவோர்க்குக் கருவின் மதிப்பு ஒரு வகையாகவும், கருவைக் கலைக்க வேண்டுவோர்க்கு வேறு வகையாகவும் கணிக்கப்பட்டது. சட்டம் காத்தது கருவையா, பெண்ணின் நடத்தை பற்றிய ஒரு கருத்தையா என்ற ஐயம் எழுவது இயல்பே.

மரண தண்டனையிலும் இத்தரப்பின் மௌனம் நோக்கத்தக்கது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1995இல் வெளியிட்ட சுற்றுமடலில் கருக்கலைப்பைக் கண்டித்ததோடு, மரண தண்டனைக்குத் தேவையுள்ள சூழல்கள் இக்காலத்தில் மிக அரியன என்றும் கூறினார். 2018இல் திருத்தந்தை பிரான்சிசு அத்தண்டனை எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூலைத் திருத்தினார். ஆயினும் 17 ஆண்டுகள் நின்றிருந்த கூட்டரசின் மரண தண்டனைகளை மீண்டும் தொடங்க ஆணையிட்ட தலைமை வழக்குரைஞர் வில்லியம் பார் கத்தோலிக்கரே. 2020 சூலை முதல் 2021 சனவரி வரை 13 பேருக்குத் தண்டனை நிறைவேறியது. பைடனுக்கும் நான்சி பெலோசிக்கும் நற்கருணை மறுக்கப்பட வேண்டுமா என்று ஆயர்களிடையே எழுந்த விவாதத்தின் வேகத்தில் ஒரு சிறு பங்கும் இங்குக் காணப்படவில்லை. இரு போதனைகளும் ஒரே கடுமை உடையன அல்ல என்று இறையியலார் விளக்கலாம். அவ்விளக்கம் உண்மையே. எனினும் முழு மௌனத்தை அவ்விளக்கம் நியாயப்படுத்தாது.

இடைவெளியின் விலை

நம்பிக்கைக்கும் கொள்கைக்கும் இடையே உள்ள இடைவெளி வெறும் ஏரணச் சிக்கல் அன்று. அவ்விடைவெளியில் மனிதர் வாழ்கின்றனர். 1976இல் நிறைவேறிய ஹைடு திருத்தம், ஏழைகளுக்கான 'மெடிகெய்டு' மருத்துவத் திட்டத்தின் கூட்டரசு நிதியைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. தனிப்பட்ட முறையில் கருக்கலைப்பை எதிர்த்தவரும் ஆனால் நீதிமன்றத் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக அறிவித்தவருமான குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் அத்தடையை ஆதரித்தார். வசதியுள்ளோர் பெறுவதை ஏழைகள் பெற இயலாதது நேர்மையாகுமா என்று 1977 சூலையில் செய்தியாளர் வினவியபோது, வாழ்வில் நேர்மையற்றன பல உள்ளன, செல்வர்க்கு இயல்வது ஏழைக்கு இயலாமற் போகிறது என்னும் பொருள்பட விடையளித்தார். 1980இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அத்திருத்தத்தை ஏற்றது.

இங்கு நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்க வேண்டும். கருக்கலைப்பு உரிமை என்பது சட்டம். அது தவறு என்பது நம்பிக்கை. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற விரும்பிய ஆட்சியாளர், உரிமையை வசதியுள்ளோரிடமும் நம்பிக்கையை ஏழைகளிடமும் நிறைவேற்றினார். சமரசத்தின் முழுச் சுமையும் பேச வாய்ப்பில்லாதவர் தோளில் ஏற்றப்பட்டது. குவோமோ இவ்விடத்தில் மட்டும் கார்ட்டரினும் தெளிவுடையவராக விளங்கினார். ஏழைப் பெண்களுக்கு மட்டும் நிதியை மறுத்தல் அறமாகாது என்பதை அவர் தம் உரையிலேயே எடுத்துரைத்தார். 'டாப்ஸ்' தீர்ப்புக்குப் பின்னர் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏறத்தாழ முழுத்தடை விதித்துள்ள சூழலில் இவ்வேற்றத்தாழ்வு வேறு வடிவம் பெற்றுள்ளது. பயணச்செலவும் விடுப்பும் உடையவர் மாநில எல்லையைக் கடக்கின்றனர். பிறர் கடப்பதில்லை.

தாம் இயற்றும் சட்டத்தின் சுமை தம்மைச் சாராது என்று சட்டமியற்றுவோர் அறிந்திருப்பதே இவ்வகைச் சமரசத்திற்கு வழி செய்கிறது. இதன் கடைக்கோடியைப் பென்சில்வேனியாவின் மக்களவை உறுப்பினர் டிம் மர்ஃபி காட்டினார். 2017 அக்டோபர் 3 அன்று, 20 வாரங்களுக்குப் பிந்தைய கருக்கலைப்பைத் தடைசெய்யும் சட்டமுன்வடிவை மக்களவை ஏற்றது. அதை முன்மொழிந்தோருள் அவரும் ஒருவர். அன்றே, தம்மோடு உறவு கொண்டிருந்த பெண்ணைக் கருக்கலைப்பு செய்துகொள்ளுமாறு அவர் தூண்டியதாக நாளேட்டுச் செய்தி வெளிவந்தது. இரு நாள்களில் அவர் பதவி விலகல் அறிவிக்கப்பட்டது. ஒருவரின் ஒழுக்கக்கேடு அவர் ஆதரித்த சட்டத்தைப் பொய்யாக்காது என்பது உண்மை. ஆனால் சட்டம் பிறர்க்கே உரியது என்று அவர் எண்ணியிருந்ததை அந்நிகழ்வு புலப்படுத்தியது. தன் மகன் என்றும் பாராது சட்டத்தைச் செலுத்திய மனுநீதிச் சோழன் கதையைத் தமிழ் மரபு போற்றியமைக்கு அத்தண்டனையின் கடுமை காரணம் அன்று. சட்டத்திற்கு வெளியே ஆட்சியாளனுக்கு இடம் இல்லை என்ற உறுதியே காரணம் எனலாம்.

மாற்றமும் காரணமும்

நிலைப்பாட்டை மாற்றிக்கொள்வதையும் இரட்டை அளவுகோல் என்று கூறும் வழக்கம் உண்டு. 1967இல் கலிபோர்னியா ஆளுநராகக் கருக்கலைப்புத் தளர்வுச் சட்டத்தில் கையொப்பமிட்ட ரொனால்டு ரேகன், பின்னர் எதிர்ப்பியக்கத்தின் தலைவரானார். 1994இல் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த மிட் ரோம்னி, குடியரசுத் தலைவர் பதவியை நாடும் முன் எதிர்ப்பாளரானார். 1971இல் கடிதம் வாயிலாகக் கருக்கலைப்பை எதிர்த்த எட்வர்டு கென்னடி, பின்னர் உரிமையின் உறுதியான ஆதரவாளரானார். பல பத்தாண்டுகள் ஹைடு திருத்தத்தை ஆதரித்த பைடன், 2019 சூன் மாதத்தில், அவ்வாதரவை உறுதிசெய்த மறுநாளே கைவிட்டார்.

மனிதர் கருத்து மாறுவது இயல்பு. சான்றுகளால் மாறுவது சிறப்பும் ஆகும். ஆயினும் இரு தரப்பிலும் மாற்றங்கள் கட்சியின் திசையிலேயே நிகழ்ந்தன என்பதும், பெரும்பாலும் வேட்பாளர் தேர்வை ஒட்டியே நிகழ்ந்தன என்பதும் கவனத்திற்குரியன. மனச்சான்று இத்துணைப் பேரிடம் தேர்தல் நாட்காட்டியைப் பின்பற்றுமாயின், அங்குப் பேசுவது மனச்சான்றுதானா என்று வாக்காளர் வினவ உரிமையுடையர். மாறியவர் புதிதாக எதை அறிந்தார், எக்காரணத்தால் பழைய எண்ணம் பிழையெனக் கண்டார் என்று கூறுவாராயின் அவ்வையம் குறையும்.

விலை கொடுத்த மனச்சான்று

இவற்றோடு ஒப்பிடத்தக்க நிகழ்ச்சி 1990இல் பெல்சியத்தில் நிகழ்ந்தது. கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்தை நாடாளுமன்றம் ஏற்றது. மன்னர் பொதுவன் கத்தோலிக்கர். தம் மனச்சான்று இடந்தராததால் கையொப்பமிட இயலாது என்று தலைமை அமைச்சருக்கு எழுதினார். மனச்சான்று உரிமை மன்னர் ஒருவருக்கு மட்டும் இல்லையா என்பது அவர் கடிதத்தின் வினா. ஆனால் மக்கள் சார்பாளர் இயற்றிய சட்டத்தைத் தடுக்கவும் அவர் விரும்பவில்லை. அவருடைய இசைவோடு, ஏப்பிரல் 4 அன்று அவர் ஆட்சி செலுத்த இயலாத நிலையில் இருப்பதாக அமைச்சரவை அறிவித்தது. அமைச்சர்கள் கையொப்பமிட்டுச் சட்டம் நிறைவேறியது. மறுநாள் நாடாளுமன்றம் அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தியது.

இது நாடகத்தன்மை வாய்ந்த ஏற்பாடு என்று சிலர் எள்ளினர். அரசமைப்புக் கூற்றை வளைத்ததாகவும் கண்டித்தனர். அக்கண்டனத்தில் பொருள் உண்டு. எனினும் அற நோக்கில் இரண்டு கூறுகள் இங்கு ஒன்றாக உள்ளன. அவர் தம் நம்பிக்கையை மறைக்கவில்லை, தளர்த்தவும் இல்லை. அதன் விலையை மக்கள்மீது சுமத்தாமல் தம்மீதே ஏற்றார். கென்னடி சொல்லளவில் கூறியதை அவர் ஒன்றரை நாள் அளவிலேனும் செய்து காட்டினார். 'தனிப்பட்ட முறையில் எதிர்க்கிறேன்' என்ற தொடருக்கு அவர் தந்த பொருள், பதவியைச் சற்றேனும் கீழே வைத்தல் என்பதாகும்.

தமிழ் அறநூல் காட்டும் பாகுபாடு

இவ்விவாதத்தைப் பயில்வதற்குத் திருக்குறளின் அதிகார வைப்புமுறை ஒரு கருவியாக உதவும். அகமும் புறமும் மாறுபடுதலைக் கண்டிக்கும் 'கூடாவொழுக்கம்' துறவறவியலில் வைக்கப்பட்டுள்ளது. 'புலால் மறுத்தல்', 'கொல்லாமை' ஆகியனவும் அவ்வியலிலேயே உள்ளன. அரசனைப் பற்றிய 'செங்கோன்மை' பொருட்பாலில் உள்ளது. துறவி தன் உள்ளத்தால் அளக்கப்படுகிறான். அரசன் குடிகள் அவன் ஆட்சியில் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதால் அளக்கப்படுகிறான். இரண்டு அளவைகளும் வேறு என்பதை நூலின் அமைப்பே உணர்த்துகிறது. இவ்வகையில் நம்பிக்கையையும் ஆட்சியையும் பிரிப்போர்க்கு இவ்வைப்புமுறை துணையாகிறது.

ஆனால் 'நடுவு நிலைமை' இல்லறவியலில் உள்ளது. துலாக்கோல் அரசனுக்கு மட்டும் உரியதன்று, வாழ்வோர் அனைவர்க்கும் உரியது என்பது இதனால் பெறப்படும். அரசனைப் பற்றிய 'குற்றங்கடிதல்', தன் குற்றத்தை முதலில் நீக்கிய பின்னரே பிறர் குற்றத்தை நோக்க வேண்டும் என்று வகுக்கிறது. எனவே அளவைகள் இரண்டாயினும் அளக்கும் கோல் ஒன்றே. நம்பிக்கையையும் சட்டத்தையும் பிரித்தல் அரசநெறிக்கு உடன்பாடானது. அப்பிரிவினையை வேண்டிய இடத்தில் மட்டும் கையாளுதல் கோலைச் சாய்த்தலாகும்.

இந்தியச் சூழலில் இவ்விவாதம் இவ்வடிவில் எழவில்லை. சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1971இல் இயற்றப்பட்ட மருத்துவவழிக் கருக்கலைப்புச் சட்டமும், சில பிரிவுப் பெண்களுக்குக் காலவரம்பை 24 வாரங்களாக உயர்த்திய 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் கட்சிகளைப் பிளக்கவில்லை. ஆகவே இந்தியப் படிப்பாளர்க்கு அமெரிக்க விவாதம் அயலாகத் தோன்றலாம். ஆனால் உணவு, மது, மணம் ஆகியவற்றில் தம் நம்பிக்கையைப் பிறர்க்குச் சட்டமாக்குவோரும், தம் நம்பிக்கைக்கு மாறாகச் சட்டம் செய்வோரும் எந்நாட்டிலும் உளர். வினா அயலானதன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினின்றும் சில முடிவுகள் பெறப்படுகின்றன. நம்பிக்கையும் கொள்கையும் வேறுபடுதல் தன்னளவில் போலித்தனம் ஆகாது. அவ்வேறுபாடு அறவழிப்பட்டதாக அமைய மூன்று நிபந்தனைகள் தேவை. முதலாவது, காரணம் கூறல். நம்பிக்கை எத்தகையது, அதை ஏன் சட்டமாக்கவில்லை அல்லது ஏன் சட்டமாக்கினார் என்பதைப் பிற நம்பிக்கையினரும் ஆராயத்தக்க சொற்களில் ஆட்சியாளர் விளக்க வேண்டும். இரண்டாவது, சமன்மை. ஒரு பொருளில் கையாண்ட நெறியை ஒத்த பிற பொருள்களிலும் கையாள வேண்டும். மூன்றாவது, விலை. சமரசத்தின் சுமை யார்மீது விழுகிறது என்பதை ஆராய்ந்து, இயன்றவரை அதைத் தாமே ஏற்க வேண்டும்.

இம்மூன்றையும் கொண்டு நோக்கின், குவோமோ முதல் நிபந்தனையைப் பெரிதும் நிறைவேற்றினார், இரண்டாவதில் ஐயத்திற்கு இடம் தந்தார். கெய்ன் இரண்டாவதை நிறைவேற்றினார். கார்ட்டர் மூன்றாவதில் தவறினார். கருவைக் குழந்தை என அறிவித்துவிட்டு, அவ்வறிவிப்பின் விளைவு தம் வாக்காளரைத் தொட்டபோது பின்வாங்கிய அலபாமாவின் சட்டமியற்றுவோர் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தவறினர். மூன்று நிபந்தனைகளையும் முழுதும் நிறைவேற்றியவர் அரியர். மூன்றாவதே அரிதினும் அரிது. ஆட்சியாளர் தம் மனச்சான்றைக் காத்துக்கொள்ளும் உரிமை உடையவரே. அதன் செலவை, அவரை அணுகவும் இயலாத ஓர் ஏழைப் பெண்ணின் கணக்கில் எழுதும் உரிமை அவர்க்கு இல்லை.